கொங்கு நாட்டுக் கிறித்தவமும் அரசுகளின் வீழ்ச்சியும்

கொங்கு நாட்டுக் கிறித்தவமும் அரசுகளின் வீழ்ச்சியும் என்னும் இக்கட்டுரை, தமிழகத்தின் மேற்குப் பகுதியான கொங்கு நாட்டில் 17 ஆம் நூற்றாண்டு முதல் அடுத்தடுத்து எழுந்து மறைந்த அரசுகளின் கீழ்க் கிறித்தவச் சமூகம் எவ்வாறு நிலைபெற்றது என்பதையும், உலக அரசுகள் அழிந்தாலும் இறையாட்சி அழியாது என்னும் கிறித்தவக் கோட்பாடு அவ்வரலாற்றில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும் விளக்குகிறது. மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஐதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, பிரித்தானியப் பேரரசு ஆகிய ஆட்சிகள் அனைத்தும் இப்பகுதியில் முடிவுக்கு வந்தன. ஒவ்வொரு முடிவின்போதும், அந்த ஆட்சியின் ஆதரவிலோ பொறுமையிலோ வாழ்ந்த சிறுபான்மைச் சமயம் ஒன்று அதன்பின் என்னவாகும் என்ற கேள்வி எழுந்தது.

சொற்பொருள்

கிறித்தவ மரபில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றும் இறையியல் பண்புகள் எனப்படுகின்றன. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13 ஆம் அதிகாரம் இம்மூன்றையும் ஒருங்கே குறிப்பிடுகிறது.

தமிழில் இச்சொற்களின் பயன்பாடு சபைக்குச் சபை வேறுபடுகிறது. சீர்திருத்தச் சபையினரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று அமைந்துள்ளன. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைந்துள்ளன. எனவே "நம்பிக்கை" என்ற ஒரே சொல் ஒரு நூலில் இரண்டாவது பண்பையும் மற்றொரு நூலில் முதல் பண்பையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் "நம்பிக்கை" என்பது இறைவனிடம் வைக்கும் பற்றுறுதியையும், "எதிர்நோக்கு" என்பது இறைவன் வாக்களித்த எதிர்காலத்துக்காகக் காத்திருத்தலையும் குறிக்கும்.

எதிர்நோக்கு என்பது எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற மனநிலையிலிருந்து வேறுபட்டது. நடப்பு நிலைமை சாதகமாக இருப்பதால் தோன்றும் நல்லெண்ணம் நிலைமை மாறும்போது மறைந்துவிடும். கிறித்தவ எதிர்நோக்கு, இயேசுவின் உயிர்த்தெழுதலை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அது நாட்டின் செழிப்பையோ ஆட்சியின் வலிமையையோ சார்ந்ததன்று என இறையியலாளர்கள் விளக்குகின்றனர்.

கோட்பாட்டுப் பின்னணி

விவிலியத்தில்

அரசுகளின் நிலையாமை பற்றிய கருத்து விவிலியத்தின் பல பகுதிகளில் காணப்படுகிறது. தானியேல் நூலின் 2 ஆம் அதிகாரத்தில் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேசர் ஒரு பெரிய சிலையைக் கனவில் காண்கிறான். அதன் தலை பொன்னாலும், மார்பும் கைகளும் வெள்ளியாலும், வயிறும் தொடைகளும் வெண்கலத்தாலும், கால்கள் இரும்பாலும், பாதங்கள் பாதி இரும்பும் பாதி களிமண்ணுமாகவும் ஆனவை. மனிதக் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் அச்சிலையை நொறுக்கிப் பெரிய மலையாக வளர்கிறது. அடுத்தடுத்த பேரரசுகள் மறைய, இறைவன் நிறுவும் ஆட்சி நிலைக்கும் என்று அக்கனவுக்குப் பொருள் கூறப்படுகிறது.

எபிரேயர் மடல், நம்பிக்கையாளர்களுக்கு இவ்வுலகில் நிலையான நகர் இல்லை என்கிறது. பிலிப்பியர் மடல் அவர்களின் குடியுரிமை விண்ணகத்தைச் சார்ந்தது எனக் குறிப்பிடுகிறது. எனினும் இவை நாட்டைப் புறக்கணிக்கும் போதனைகள் அல்ல. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதர்கள் அந்நகரின் நலனுக்காகவே உழைக்கவும் வேண்டவும் கேட்டுக்கொள்ளப்படுவதை எரேமியா நூலின் 29 ஆம் அதிகாரத்தில் காணலாம். ஆட்சியாளர்களுக்காக மன்றாடுமாறு திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் மடல் அறிவுறுத்துகிறது. அதே நேரத்தில் திருவெளிப்பாடு நூல் தன்னை வணங்கக் கோரும் அரசைக் கொடிய விலங்காகச் சித்திரிக்கிறது. மதித்தல், உழைத்தல், வணங்க மறுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அரசு பற்றிய விவிலியப் பார்வை எனலாம்.

அகுஸ்தீனும் உரோமையின் வீழ்ச்சியும்

இக்கோட்பாட்டுக்கு விரிவான வடிவம் தந்தவர் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430) ஆவார். கி.பி. 410 இல் அலாரிக்கு தலைமையிலான கோத்தியர்கள் உரோமை நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இதற்குக் காரணம் என்று பலர் கிறித்தவர்களைக் குற்றம் சாட்டினர். கிறித்தவர்களும் கலங்கினர். ஏனெனில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறித்தவத்தை ஆதரித்த காலத்திலிருந்து உரோமைப் பேரரசின் வளர்ச்சியையும் இறையாட்சியின் வளர்ச்சியையும் ஒன்றாகவே கருதும் போக்கு செசரியா ஆயர் யூசேபியு போன்றோரின் எழுத்துகளால் பரவியிருந்தது.

இதற்கு மறுமொழியாக 413 முதல் 426 வரை அகுஸ்தீன் எழுதிய "இறைவனின் நகரம்" 22 பகுதிகளைக் கொண்டது. உலகில் இரு நகரங்கள் ஒன்றோடொன்று கலந்து வாழ்கின்றன என்றும், தன்னலத்தால் ஆனது ஒன்று, இறையன்பால் ஆனது மற்றொன்று என்றும், எந்த அரசையும் இவற்றுள் இரண்டாவதாகக் கொள்ளலாகாது என்றும் அவர் வாதிட்டார். வாந்தலர் படை இப்போ நகரை முற்றுகையிட்டிருந்த 430 ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அந்நகரும் வட ஆப்பிரிக்காவில் உரோமை ஆட்சியும் பின்னர் வீழ்ந்தன. அவரது நூல் எஞ்சியது.

கொங்கு நாடு: எல்லைப் பகுதி

கொங்கு நாடு இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டப் பகுதிகளை உள்ளடக்கியது. தமிழகச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையில் அமைந்ததால் இப்பகுதி பல நூற்றாண்டுகள் போர்க்களமாக இருந்தது. ஈரோடு மாவட்டத்தின் வட பகுதியில் உள்ள அந்தியூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையும் இவ்வூரின் புகழுக்குக் காரணமானவை. ஊருக்கு வடக்கே பர்கூர் மலை வழியாகக் கொள்ளேகால் செல்லும் பாதை உள்ளது. மேற்கே சத்தியமங்கலத்துக்கு அப்பால் கசலெட்டிக் கணவாய் உள்ளது. மைசூர்ப் படைகள் சமவெளிக்கு இறங்கிய முக்கிய வழிகளுள் கசலெட்டியும் ஒன்று. அந்தியூரில் சிதைந்த நிலையில் காணப்படும் கோட்டை அக்காலத்தின் எச்சமாகும்.

நாயக்கர், மைசூர் ஆட்சிக் காலம்

இராபர்ட் தெ நோபிலி 1606 இல் மதுரைக்கு வந்து இயேசு சபையின் மதுரைப் பணித்தளத்துக்கு அடிப்படை அமைத்தார். தமிழும் வடமொழியும் கற்று, துறவியர் கோலத்தில் வாழ்ந்த இவர், 1623 இல் மதுரையிலிருந்து வடக்கே பயணம் செய்து சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்தார். கொங்குப் பகுதியில் கத்தோலிக்கக் கிறித்தவம் அறிமுகமாவதற்கு இப்பயணம் ஒரு தொடக்கமாக அமைந்தது. இத்தாலியரான லெயனார்தோ சின்னமி 1640களின் இறுதியில் மைசூர்ப் பணித்தளத்தைத் தொடங்கினார். சத்தியமங்கலம் அப்பணித்தளத்தோடு தொடர்புடைய ஊர்களுள் ஒன்றாகும்.

இப்பணி போர்களுக்கு இடையிலேயே நடைபெற்றது. 1650களில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டினுள் புகுந்தது. பகைவரின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்ததால் "மூக்கறுப்புப் போர்" எனப் பெயர்பெற்ற இந்நிகழ்வு குறித்த செய்திகளை அறிய இயேசு சபையினரின் கடிதங்கள் முக்கிய ஆதாரமாக உள்ளன. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்க தேவராச உடையார் (ஆட்சிக்காலம் 1673–1704) கொங்கு நாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றினார். மதுரை நாயக்கர் அரசு 1736 இல் முற்றிலும் மறைந்தது. எந்த அரசவையில் இடம்பெற நோபிலி முயன்றாரோ அந்த அரசவையே இல்லாமற் போயிற்று. ஆனால் சிற்றூர்களில் உபதேசியார்களின் பொறுப்பில் இருந்த சிறு கூட்டங்கள் எஞ்சின.

உபதேசியார் எனப்படுவோர் குருக்கள் அல்லர். மறைக்கல்வி கற்பித்தல், செபங்களை வழிநடத்துதல், இறப்புத் தறுவாயில் இருப்போருக்குத் திருமுழுக்கு அளித்தல் முதலியன இவர்களின் கடமைகளாக இருந்தன. குரு ஒருவர் ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாக இருந்த காலத்தில், ஆட்சி மாற்றங்களைத் தாண்டிச் சமூகம் நீடித்ததற்கு இவர்களே முதன்மைக் காரணமாவர்.

இரட்டை நெருக்கடி

18 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இச்சமூகம் இரு பக்கங்களிலும் தாங்குதலை இழந்தது. போர்த்துகல் 1759 இல் இயேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773 இல் திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் அச்சபையையே கலைத்தார். மதுரை, மைசூர்ப் பணித்தளங்களின் பொறுப்பு பின்னர்ப் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையிடம் வந்தது. அச்சபையும் 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஆட்பற்றாக்குறையால் வாடியது.

மறுபுறம், மைசூர்–ஆங்கிலேயப் போர்கள் கொங்கு நாட்டைச் சீரழித்தன. 1784 இல் கன்னடக் கடற்கரையைச் சேர்ந்த பல்லாயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் ஆங்கிலேயருக்கு உதவியதாக ஐயுறப்பட்டுத் திப்பு சுல்தானால் சிறீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களின் எண்ணிக்கை பற்றியும், திப்புவின் நோக்கம் சமயமா அரசியலா என்பது பற்றியும் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. 1799 மே 4 அன்று சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் எஞ்சியோர் விடுதலை பெற்றனர். அவ்வாண்டே கோயம்புத்தூர்ப் பகுதி கம்பெனி ஆட்சியின் கீழ் வந்தது.

சுவார்ட்சின் பயணம்

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க நிகழ்வுகளுள் ஒன்று, செருமானிய லூத்தரன் மறைப்பணியாளர் கிறித்தியான் பிரடெரிக்கு சுவார்ட்சு 1779 இல் மேற்கொண்ட பயணமாகும். சென்னைக் கம்பெனி அரசு ஐதர் அலியிடம் சமாதானத் தூது செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் நேர்மைக்குப் பெயர்பெற்றிருந்த அவர், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் சென்று, கொங்கு நாட்டைக் கடந்து, மலையேறிச் சிறீரங்கப்பட்டணத்தை அடைந்தார். அங்கு ஐதரின் படையில் இருந்த ஐரோப்பிய வீரர்களுக்கு வழிபாடு நடத்த அவருக்குத் தடை விதிக்கப்படவில்லை.

தூது பயன் தரவில்லை. 1780 இல் ஐதரின் படை கர்நாடகப் பகுதியினுள் புகுந்தது. எனினும் போர் நடந்தபோதும் சுவார்ட்சை எவரும் தடுக்கலாகாது என்று ஐதர் தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருந்ததாகக் கூறப்படுகிறது. வழிச்செலவுக்கென ஐதர் அளித்த பணத்தைச் சுவார்ட்சு தமக்கென வைத்துக்கொள்ளாமல் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அதைப் பள்ளிப் பணிக்குப் பயன்படுத்தினார். ஓர் அரசின் தூதராகச் சென்றபோதும் எந்த அரசின் ஆளாகவும் கருதப்படாததே இரு தரப்பிலும் அவருக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணமாகும். ஆயினும் மறைப்பணியாளர் ஒருவர் அரசின் தூதராகச் சென்றது சரியா என்ற வினாவும் பின்னாளில் எழுப்பப்பட்டது.

துபுவாவின் அவநம்பிக்கை

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792 இல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குரு அபே துபுவா, 1799 க்குப் பின் மைசூர்ப் பகுதியில் சிதறிய கிறித்தவர்களை மீண்டும் ஒருங்கிணைத்தார். அம்மை குத்துதலைப் பரப்புவதிலும் ஈடுபட்டார். இந்தியப் பழக்கவழக்கங்கள் பற்றிய இவரது நூல் புகழ்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியபின் 1823 இல் நாடு திரும்பிய இவர், அவ்வாண்டு வெளியிட்ட கடிதங்களில், இந்தியாவில் கிறித்தவம் தேய்ந்துவருகிறது என்றும் இனி அது வளர்வதற்கு வாய்ப்பில்லை என்றும் எழுதினார். சீர்திருத்தச் சபையினர் பலர் இதற்குக் கடுமையான மறுப்புகளை வெளியிட்டனர்.

துபுவாவின் கணிப்பு அவர் கண்முன் இருந்த நிலைமைக்குப் பொருந்துவதாகவே இருந்தது. குருக்கள் இல்லை, பொருளுதவி இல்லை, பல ஊர்களில் சமூகங்கள் கலைந்திருந்தன. ஆனால் அவர் கணக்கில் கொள்ளாத ஒன்று உள்நாட்டு ஊழியர்களின் வளர்ச்சியாகும்.

பிரித்தானிய ஆட்சிக் காலம்

பிரேசியாக்கும் உள்நாட்டுக் குருக்களும்

கோயம்புத்தூர்ப் பகுதி 1840களின் நடுவில் புதுச்சேரியிலிருந்து தனிப் பணித்தளமாகப் பிரிக்கப்பட்டது. அதன் தலைவராக மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக்கு (1813–1859) 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயம் கொங்கு நாட்டின் பழைமையான கிறித்தவத் தலங்களுள் ஒன்றாகும். உள்நாட்டுக் குருக்களை உருவாக்கி அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது பிரேசியாக்கின் உறுதியான கருத்து. வெளிநாட்டுக் குருக்களை மட்டுமே நம்பியுள்ள திருச்சபை வேர் கொள்ளாது என்று அவர் எண்ணினார். இது குறித்தும் சாதி வழக்கங்களை ஏற்பது குறித்தும் உடன்பணியாளர்களோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் 1855 இல் பதவி விலகினார். 1856 இல் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். கோயம்புத்தூர் 1886 இல் மறைமாவட்டமாக உயர்ந்தது.

இலண்டன் மிசனும் லூத்தரன் சபையும்

இலண்டன் மிசனரி சங்கம் சேலத்தில் 1827 இலும் கோயம்புத்தூரில் 1830 இலும் பணியைத் தொடங்கியது. பின்னர் ஈரோடும் அதன் முக்கிய நிலையமாயிற்று. ஈரோட்டில் பணியாற்றிய ஆத்திரேலியரான ஏ. டபிள்யூ. பிரப்பின் பெயரை அங்குள்ள பிரப் நினைவு ஆலயம் தாங்கியுள்ளது. எர்பர்ட்டு ஆர்தர் பாப்ளி (1878–1960) தமிழிசையைக் கற்று, கதாகாலட்சேப முறையில் நற்செய்தி கூறினார். இந்திய இசை பற்றி 1921 இலும் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பை 1931 இலும் வெளியிட்டார்.

1876–78 பெரும்பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. மிசன்கள் நிவாரணப் பணியில் ஈடுபட்டன. இக்காலத்தில் சபைகளில் சேர்ந்தோர் உணவுக்காகச் சேர்ந்தோரே என்ற குற்றச்சாட்டு உண்டு. ஆட்சியாளரின் சமயம் என்ற நிலையும், பள்ளி, மருத்துவமனை முதலிய வசதிகளும் சேர்ந்து, அக்காலக் கிறித்தவர் பலர் பிரித்தானிய ஆட்சியை இறைவனின் ஏற்பாடாகவே கருத வழிவகுத்தன. யூசேபியுவின் காலத்து மயக்கம் இங்கு மீண்டும் காணப்பட்டது எனலாம்.

முதல் உலகப் போர்

இம்மயக்கத்துக்கு முதல் அடி 1914 இல் விழுந்தது. கிறித்தவ நாடுகள் எனத் தம்மைக் கூறிக்கொண்டவை ஒன்றையொன்று அழித்தன. செருமனியைச் சேர்ந்த லைப்சிக்கு மிசன் பணியாளர்களும் நீலகிரியில் இருந்த பேசல் மிசனின் செருமானியப் பணியாளர்களும் பகைநாட்டவராகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் நாடு கடத்தப்பட்டனர். கோயம்புத்தூர் உட்பட லைப்சிக்கு மிசன் நிலையங்கள் பலவற்றில் தமிழ்க் குருமார் தாமே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. சுவீடன் திருச்சபையின் மிசன் துணை நின்றது. 1919 சனவரி 14 அன்று தமிழ் சுவிசேச லூத்தரன் திருச்சபை தன்னாட்சிச் சபையாக உருவானது. மிசனின் தாய்நாடு தோற்ற ஆண்டுகளிலேயே அதன் சபை சொந்தக் காலில் நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் வே. ச. அசரியா முதலிய இந்தியத் திருச்சபைத் தலைவர்கள் கூடி, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் பிளவுண்ட திருச்சபை உலகுக்குச் சான்று பகர இயலாது எனக் கூறி, ஒன்றிணைப்புக்கு அழைப்பு விடுத்தனர். ஐரோப்பாவில் தோன்றிய பிரிவினைகளை இந்தியர்கள் சுமக்கத் தேவையில்லை என்ற எண்ணமும் இதில் இருந்தது.

பேரரசின் முடிவும் தென்னிந்தியத் திருச்சபையும்

இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய சார்ச்சுப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிசுத்து சபைகளும், இலண்டன் மிசனின் கொங்குச் சபைகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் இதில் இணைந்தன. இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. ஒன்றிணைப்புக்கு வித்திட்ட அசரியா 1945 சனவரி 1 அன்றே இறந்துவிட்டார்.

ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபைகளின் மன்றாட்டுகளில் இங்கிலாந்து மன்னருக்கு இருந்த இடத்தில் இந்திய ஆட்சியாளர்கள் இடம்பெற்றனர். ஆட்சியாளருக்கான மன்றாட்டு தொடர்ந்தது, ஆட்சியாளர் மாறினார். சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், திருச்சபையின் வாழ்வு எந்தவொரு முடியையும் சார்ந்ததன்று என்னும் கோட்பாட்டின் நடைமுறை வடிவம் இதுவேயாகும்.

தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயம் 1950 இல் அமைந்தது. அதன் முதல் பேராயர் அ. யே. அப்பாசாமி (1891–1975) பக்தி மரபின் வழியே கிறித்தவத்தை விளக்கிய இறையியலாளர் ஆவார். ஆழ்வார், நாயன்மார் பாடல்களையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அவரது முதன்மை நூல் 1927 இல் வெளிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில், 1955 இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான உதகமண்டலம் மறைமாவட்டம், நீலகிரியோடு சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், பவானிப் பகுதிகளையும் உள்ளடக்கியது. முற்காலத்தில் பவானி வட்டத்தைச் சேர்ந்திருந்த அந்தியூர்ப் பகுதியும் இதனுள் அடங்கும்.

குடியரசுக் காலம்

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் கிறித்தவர் 6.12 விழுக்காட்டினர் ஆவர். கன்னியாகுமரி போன்ற தென் மாவட்டங்களோடு ஒப்பிடக் கொங்கு மாவட்டங்களில் இவர்களின் விகிதம் மிகக் குறைவாகும். இவர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தோராவர். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான தலித் மக்கள் சேர்க்கப்படவில்லை. கிறித்தவத்துக்குள்ளும் சாதிப் பாகுபாடு நீடிப்பதால் இவர்கள் அரசாலும் சபையாலும் இருமுறை ஒதுக்கப்படுவதாகத் தலித் இறையியலாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். விண்ணகக் குடியுரிமை பற்றிய போதனை, மண்ணகத்தில் உரிமை கோருவோருக்கு மறுமொழி ஆகாது என்பது இவர்களின் வாதம்.

2002 இல் தமிழக அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 இல் திரும்பப் பெறப்பட்டது. இந்நிகழ்வும், அரசின் ஆதரவும் எதிர்ப்பும் குறுகிய காலத்தில் மாறக்கூடியவை என்பதைச் சிறுபான்மையினருக்கு உணர்த்தியது.

மேற்குலகின் தளர்ச்சி

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. மிசனரிகளை அனுப்பிய ஐரோப்பாவிலேயே ஆலயங்கள் வெறுமையாகத் தொடங்கின. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பேராயர்களுள் ஒருவரான லெசுலி நியூபிகின் (1909–1998) மதுரை–இராமநாதபுரம் பேராயராகவும் பின்னர்ச் சென்னைப் பேராயராகவும் பணியாற்றி, 1974 இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கு அவரை மிகவும் பாதித்தது எதிர்நோக்கு மறைந்துபோன நிலையே என்று 1983 இல் வெளியான தம் நூலில் அவர் குறிப்பிட்டார். சென்னையின் மிக வறிய குடிசைப் பகுதிகளிலும் நாளை நன்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தாம் கண்டதாகவும், செல்வம் மிகுந்த இங்கிலாந்தில் அதைக் காணவில்லை என்றும் அவர் ஒப்பிட்டார். முன்னேற்றத்தின் மீது வைத்த நம்பிக்கை தளர்ந்தபோது, அதற்கு அப்பால் பற்றிக்கொள்ள மேற்கத்தியச் சமூகத்திடம் ஏதுமில்லை என்பது அவர் முடிவு.

இதே காலத்தில் எதிர்நோக்கு பற்றிய இறையியல் புத்துயிர் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்த செருமானியர் யூர்கன் மோல்ட்மன் 1964 இல் வெளியிட்ட நூல், எதிர்நோக்கு என்பது இறந்தபின் கிடைக்கும் வாழ்வுக்காகக் காத்திருப்பது மட்டுமன்று, நிகழ்காலத்தை மாற்றத் தூண்டும் ஆற்றல் என வாதிட்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு 2007 நவம்பர் 30 அன்று எதிர்நோக்கு குறித்துச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார்.

திறனாய்வுகள்

இக்கோட்பாட்டின் மீது பல திறனாய்வுகள் உள்ளன. மறுமையை நோக்கிய எதிர்பார்ப்பு இம்மையின் அநீதிகளைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்பது முதன்மையானது. கொங்கு நாட்டில் இத்திறனாய்வுக்குத் தனிச் சிறப்புண்டு. இலண்டன் மிசனின் நிலையமாக விளங்கிய அதே ஈரோட்டிலிருந்துதான் பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879–1973) 1925 இல் "குடிஅரசு" இதழைத் தொடங்கினார். எல்லாச் சமயங்களையும் பகுத்தறிவின் அடிப்படையில் மறுத்த அவர், சாதி ஒழிப்பை மனிதரே இவ்வுலகிலேயே செய்து முடிக்க வேண்டும் என்றார்.

இரண்டாவதாக, அரசுகளின் வீழ்ச்சியை இறைத்தீர்ப்பாக விளக்கும் போக்கு ஆபத்தானது எனக் கூறப்படுகிறது. வீழ்ச்சியில் துன்புறுவோர் பெரும்பாலும் ஆட்சியாளர்கள் அல்லர், எளிய மக்களே. அகுஸ்தீனும் உரோமையில் துன்புற்றோர் பிறரைவிடக் கொடிய பாவிகள் என ஏற்கவில்லை. நல்லோரும் தீயோரும் ஒரே துன்பத்தை அடைவதைச் சுட்டிக்காட்டினார்.

மூன்றாவதாக, கொங்கு நாட்டுக் கிறித்தவம் நிலைத்தமைக்குச் சமயக் காரணங்கள் மட்டுமல்லாது கல்வி, வேலைவாய்ப்பு, திருமண உறவு முதலிய சமூகக் காரணங்களும் உண்டு என்பர்.

மதிப்பீடு

கொங்கு நாட்டு வரலாறு இக்கோட்பாட்டை மெய்ப்பிக்கிறது என்றோ பொய்ப்பிக்கிறது என்றோ கூறவியலாது. ஆனால் ஒன்றை அது தெளிவாகக் காட்டுகிறது. அரசவை, வெளிநாட்டுச் சபை, பேரரசு ஆகியவற்றைச் சார்ந்து நின்ற பணிகள் அவற்றோடு சேர்ந்து தளர்ந்தன. உபதேசியார், உள்நாட்டுக் குரு, ஊர்ச் சபை ஆகியவற்றைச் சார்ந்து நின்றவை நீடித்தன. 1823 இல் துபுவா எதிர்நோக்கை இழந்ததும், 1846 க்குப் பின் பிரேசியாக்கு உள்நாட்டவரிடம் அதை வைத்ததும், ஏறத்தாழ ஒரே நிலைமையைக் கண்ட இருவரின் வேறுபட்ட மறுமொழிகளாகும்.

காலவரிசை

1606 – நோபிலி மதுரை வருகை
1623 – நோபிலி சேந்தமங்கலம், சேலம் பயணம்
1736 – மதுரை நாயக்கர் அரசின் முடிவு
1773 – இயேசு சபை கலைக்கப்படல்
1779 – சுவார்ட்சின் தூது
1799 – சிறீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சி. கோயம்புத்தூர் கம்பெனி ஆட்சியில்
1830 – கோயம்புத்தூரில் இலண்டன் மிசன்
1846 – பிரேசியாக்கு கருமத்தம்பட்டியில் ஆயராதல்
1886 – கோயம்புத்தூர் மறைமாவட்டம்
1919 – தமிழ் சுவிசேச லூத்தரன் திருச்சபை, தரங்கம்பாடிக் கூட்டம்
1947 – இந்திய விடுதலை, தென்னிந்தியத் திருச்சபை
1950 – தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயம்
1955 – உதகமண்டலம் மறைமாவட்டம்